பூந்தொட்டி ஸ்டாண்டும் புதுச் சபையும்

புதிதாக ஒரு காரியத்தைத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வகை உற்சாகம் உண்டு என்பது என் அபிப்பிராயம். ஒன்று அந்தக் காரியத்தின் மேல் உண்டாகும் உற்சாகம். மற்றொன்று அதற்கு வேண்டிய சாமான்களை வாங்குவதில் உண்டாகும் உற்சாகம். சங்கீதம் கற்றுக்கொள்ள உத்தேசித்தவர் முதல் பாடத்துக்கு முன்பே வீணைக்கு வெல்வெட்டு உறை தைக்கக் கொடுப்பதையும், அதிகாலையில் நடக்கச் சங்கற்பம் செய்துகொண்டவர் கடையில் பாதரட்சை பார்த்தே ஒரு மாதத்தைக் கழிப்பதையும் யார்தான் காணவில்லை? இந்த இரண்டாவது உற்சாகம் முதலாவதைவிடப் பலமானது. பல சமயங்களில் அதைத் தின்றே கொழுப்பது. சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, ஷாதிபூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடியில் என் மனைவி ஒரு தோட்டத்தையும், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வாலிபப் பாஸ்டர் ஒரு கிறிஸ்தவ சபையையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கிய காரணத்தால், மேற்படி உற்சாகத்தை மேலிருந்தும் கீழிருந்தும் ஆராயும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

ஷாதிபூர் என்பது, போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரத்தின் ஒரு பகுதி. ஆங்கிலேயர் 1858-ல் இங்கே கைதிக் குடியேற்றத்தை ஆரம்பித்த பின், நன்னடத்தை காட்டிய கைதிகளுக்கு விவாகம் செய்வித்துக் குடியமர்த்திய இடம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகையால் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்குவது இந்தப் பேட்டைக்குப் பரம்பரைத் தொழில் என்றே சொல்லலாம். தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஆகிய எல்லோரும் இந்நகரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வசித்து, ஒருவரோடொருவர் ஹிந்தியில் சண்டையிட்டு, பிறகு அவரவர் பாஷையில் சமாதானம் அடைகிறார்கள். பூமியோ மேடும் பள்ளமுமானது. விமான நிலையத்துக்கும் சர்க்கார் மைதானங்களுக்கும் போக மிஞ்சிய சமதளம் சொற்பம். அதில் தனி மனிதர் பங்குக்கு வருவது மாடி வராந்தா ஒன்றே. வராந்தாவில் தோட்டம் போடுவதென்றால் செடிகளைத் தரையில் பரப்பாமல் அந்தரத்தில் அடுக்க வேண்டும். இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் ஸ்டாண்ட் என்னும் வஸ்து பிரவேசித்தது.

சென்னையில் இருக்கும் என் மைத்துனர் தமக்கையின் விருப்பத்தை வேதவாக்காகக் கொள்பவர். அவர் கப்பலில் அனுப்பிவைத்த பார்சலைப் பிரித்தபோது, கையளவு மண்கரண்டி, மூன்று பற்கள் கொண்ட சிறு வாரி, களைக்கொத்தின் குழந்தை போன்ற ஒரு கருவி, செடி நறுக்கும் கத்தரி, நீண்ட மூக்குள்ள பூவாளி, பூப்போட்ட கையுறைகள் ஆகியவை இளஞ்சிவப்புப் பிடிகளுடன் வெளிவந்தன. கடைசியாக வந்தது, மூன்று படிகளும் நான்கு சக்கரங்களும் உடைய, வெள்ளைச் சாயம் பூசிய இரும்பு ஸ்டாண்ட். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். அவரிடம் இருப்பவை இரண்டே கருவிகள்: ஒரு மண்வெட்டி, 'தாவு' என்று இத்தீவில் எல்லோரும் சொல்லும் வெட்டுக்கத்தி ஒன்று. இவ்விரண்டைக் கொண்டு அவர் வாழை வைப்பார், வேலி கட்டுவார், தேங்காய் உரிப்பார், மீன் நறுக்குவார். இளஞ்சிவப்புப் பிடி போட்ட எதையும் நான் அவரிடம் கண்டதில்லை.

சென்னையிலிருந்து கப்பல் இங்கு வந்துசேரச் சுமார் மூன்று நாள் பிடிக்கும். வருஷத்தில் மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவக்காற்றும் மாறி மாறி மழையைக் கொட்டி, ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் கணக்குக் காட்டும் ஊர் இது. மழை ஓய்ந்த நேரத்தில் உப்புக் காற்று தன் முறையை எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட ஊரில் வெள்ளைச் சாயம் பூசிய இரும்பு எத்தனை காலம் வெள்ளையாக இருக்கும் என்பதை ஊகிக்கச் சாஸ்திர ஞானம் தேவையில்லை. ஆனால் துரு மட்டும் தனியாக வந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்போம். 1942 முதல் 1945 வரை இந்தத் தீவுகளை ஆண்ட ஜப்பானியர் விட்டுச்சென்ற ஐசுவரியங்களில் ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் ஒன்று. சேனை போயிற்று, நத்தை போகவில்லை. அது ராத்திரி வேளையில் ஸ்டாண்டின் கால் வழியாக ஆரோகணித்து, முதல் படியில் கீரையையும் இரண்டாம் படியில் செவ்வந்தியையும் முடித்துவிட்டு, விடியும் தறுவாயில் மூன்றாம் படியில் துளசிக்குப் பக்கத்தில் பரம சாந்தமாக உட்கார்ந்திருக்கும். நத்தைக்கு உப்பு ஆகாது என்று யாரோ சொல்ல, என் மனைவி ஸ்டாண்டின் நான்கு காலைச் சுற்றியும் உப்பைக் குவித்தாள். நத்தை சற்று யோசித்தது; துரு யோசிக்கவில்லை. உப்பைக் கண்ட இரும்பு, பிரிந்த பந்துவைக் கண்டதுபோல் உருகத் தொடங்கியது. நத்தைக்காக உப்பு, உப்பினால் துரு, துருவுக்காகச் சாயம், சாயம் காயும்வரை தொட்டிகள் தரையில், தரையில் இருந்தபடியால் மறுபடியும் நத்தை: இந்தச் சக்கரத்தில்தான் எங்கள் தோட்டக்கலை சுழன்றுகொண்டிருந்தது.

இனிக் கீழ்த்தளத்துக்கு வருவோம். பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்தவர். கல்யாணமாகி அதிக காலம் ஆகாதவர். விநயமும் சுறுசுறுப்பும் ஒருங்கே அமைந்தவர். நானும் அதே சீமையில், பழைய சபையில், ஞானஸ்நானப் பதிவேட்டில் பாட்டனார் பெயரும் இருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் என்று தெரிந்ததும் 'அண்ணாச்சி' என்று உறவு கொண்டாடினார். எங்கள் சீமையின் இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-ல் ஆரம்பித்த ஆலயம் பிரதிஷ்டையானது 1880-ல். இடையில் கழிந்த முப்பத்து மூன்று வருஷமும் சபைக்கு ஆராதனை இல்லாமல் போகவில்லை. அந்த வழியில் வந்தவர்களாகிய எங்களுக்கு, ஜனங்கள் முதலில், கட்டடம் அப்புறம், நாற்காலி அதற்கும் அப்புறம் என்பது பழகிப்போன வரிசை. தம்பியின் வரிசை வேறாக இருந்தது. அவரிடம் பெயர்ப்பலகை இருந்தது, மைக் இருந்தது, அந்த அறையைப் போல் நான்கு அறைக்குப் போதுமான இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன, கீபோர்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், முத்திரை, ரசீதுப் புத்தகம், காணிக்கைப் பை எல்லாம் இருந்தன. ஜனங்கள் மட்டும் இன்னும் வந்துசேரவில்லை. முதல் ஞாயிறு ஆராதனைக்கு அவருடைய மனைவியும், வீட்டுச் சொந்தக்காரரின் மாமியாரும், மரியாதை நிமித்தம் நானும் ஆஜரானோம். எங்கள் மூவருக்கும் இரண்டு ஒலிபெருக்கி வழியாகச் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது.

அன்று பிற்பகல் அவர் மாடிப்படியில் நின்று, "அண்ணாச்சி, ஒரு மம்பட்டி கிடைக்குமா?" என்று கேட்டார். முன்வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் பெயர்ப்பலகைக்குக் கீழே புகுந்து, கீபோர்டை நோக்கிப் பிரயாணம் செய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலோ இளஞ்சிவப்புக் கரண்டிதான் இருந்தது. அதைக் கையில் வாங்கிய அவர் முகத்தில் தோன்றிய பாவத்தைக் கண்ட பிறகு, நான் கடைவீதிக்குப் போய் ஒரு மண்வெட்டி வாங்கிவந்தேன். தோட்டத்துக்காக நாங்கள் வாங்கியவற்றுள் தோட்டத்துக்கு உதவிய முதல் கருவியும் அதுவே.

ஒரு சபைக்கும் மண்வெட்டிக்கும் உள்ள பாந்தவ்யம் இந்தத் தீவுகளில் புதிதன்று. டேனிஷ்காரர் 1756-ல் நிக்கோபார்த் தீவுகளைத் தமதென்று சொல்லிக் குடியேறிக் காய்ச்சலில் அகப்பட்டுக்கொண்ட பின், ஜெர்மனியைச் சேர்ந்த மொரேவிய சகோதரர்கள் என்ற கூட்டத்தார், நிக்கோபாரில் சபை ஸ்தாபிக்கும் நோக்கத்தோடு 1760-ல் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் செய்த முதல் வேலை பிரசங்கம் அன்று. பொறையாற்றுக்கு அருகில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டதுதான். அந்த இடத்துக்கே சகோதரர் தோட்டம் என்று பெயர் நிலைத்தது. கைத்தொழில் செய்து, தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சம்பாதித்துக்கொண்டு சுவிசேஷம் சொல்வது அவர்கள் கொள்கை. 1768-ல் அவர்களில் சிலர் நிக்கோபாரின் நன்கவுரித் தீவுக்குப் போய்க் காட்டை வெட்டி, வீடு கட்டி, அங்கும் பயிர் வைத்தார்கள். இன்றைக்குச் சென்னையிலிருந்து நமக்கு ஆட்களை ஏற்றிவரும் கப்பல்களில் ஒன்றுக்கு அந்தத் தீவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் அத்தீவுக்குப் போவது எளிதாயில்லை. அங்கே உயிரோடு இருப்பது அதைவிடக் கடினம்.

அவர்களுள் ஹான்செல் என்பவர் 1779 முதல் அங்கே இருந்து, முதுமையில் தம் அனுபவங்களைக் கடிதங்களாக எழுத, அவை 1812-ல் லண்டனில் அச்சாயின. அவற்றைப் படிக்கிறவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திகைப்பான். சபையின் செலவுக்காக இந்தப் பக்திமான்கள் சிப்பி பொறுக்கினார்கள், பாம்பு பிடித்தார்கள், அவற்றை ஐரோப்பாவில் விசித்திர வஸ்துக்களைச் சேகரிக்கும் கனவான்களுக்காகத் தரங்கம்பாடி வழியாக விற்றார்கள். அலைந்து திரிந்து வீடு திரும்ப முடியாத இரவுகளில் ஹான்செல் கடற்கரை மணலில் தம் நீளத்துக்கு ஒரு குழி தோண்டி, தலைப்பக்கம் சற்று மேடாக்கி, உள்ளே படுத்து, மணலையே போர்வையாக இழுத்துக்கொள்வார். ஏதாவது தொந்தரவு வந்தால் எச்சரிக்க அவருடைய நாய் அவர்மேல் குறுக்கே படுத்துக்கொள்ளும். தோட்டக் கருவிகளை விற்கும் கம்பெனிகள் மண்வெட்டியின் இந்த உபயோகத்தை விளம்பரத்தில் சேர்க்காதது பெரிய குறை.

பக்திக்கும் உழைப்புக்கும் குறைவில்லாத அந்த மனிதர்களைக் காய்ச்சல் வென்றது. காட்டின் கெட்ட காற்றே காரணம் என்பது அக்காலத்து நம்பிக்கை. மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்குச் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் தடயம் கண்டது 1897-ல். அதற்குள் நன்கவுரி வேலை கைவிடப்பட்டு நூற்றுப்பத்து வருஷம் ஆகியிருந்தது. ஹான்செல் தரும் கணக்கின்படி 11 பேர் தீவிலேயே மடிந்தார்கள். தரங்கம்பாடிக்குத் திரும்பியபின் மடிந்தவர்கள் 13 பேர். 1787-ல் எல்லாம் முடிந்தபோது, சபை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே உருவாகியிருக்கவில்லை. எங்கள் வராந்தாவில் சுகாதாரப் பணியாளர் வந்து, தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கையில் என் மனைவிக்கு வரும் கோபம் எனக்கு வருவதில்லை. இப்படி ஒருவர் அன்று நன்கவுரிக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்றுதான் தோன்றும்.

இதே காலத்துக்குச் சற்றுப் பின், 1793-ல் வங்காளத்துக்கு வந்தார் வில்லியம் கேரி. செருப்புத் தைத்துப் பிழைத்தவர். இந்தியாவிலிருந்து தம் சங்கத்தாருக்கு அவர் எழுதிய ஆரம்பக் கடிதங்களிலேயே அரிவாளும் கலப்பைச் சக்கரங்களும் அனுப்பும்படியும், வருஷந்தோறும் காய்கறி விதையும் பூவிதையும் அனுப்பும்படியும் விண்ணப்பம் காணப்படுகிறது. கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு அவர் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1800-ஆம் வருஷம் டிசம்பரில். அதாவது ஏழு வருஷ அறுவடை ஓர் ஆள். ஸ்ரீராம்பூரில் அவர் போட்ட தோட்டம் கீர்த்தி பெற்றது. இங்கிலாந்திலிருந்து விதை வந்த பையில் ஒட்டியிருந்த மண்ணைக்கூட வீணாக்காமல் நிழலில் உதறிவைத்து, அதிலிருந்து முளைத்த ஒரு டெய்சிப் பூவைக் கண்டு குழந்தைபோல் குதூகலித்தார். 1820-ல் தோட்டக்கலைக்கும் விவசாயத்துக்கும் ஒரு சங்கமே ஸ்தாபித்தார். 1823-ல் வெள்ளம் வந்து தோட்டத்தை நாசமாக்கியபோது அறுபதைக் கடந்திருந்த அவர் மறுபடியும் நட ஆரம்பித்தார். நான் இந்தச் சரித்திரத்தை என் மனைவியிடம் சொன்னபோது, "அவருக்கு நத்தை இருந்ததா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதைக் குறித்துச் சரித்திரத்தில் நான் ஒன்றும் படித்ததில்லை.

ஆனால் மண்வெட்டிதான் சபையை உண்டாக்கிவிடும் என்று யாராவது முடிவுகட்டினால் அதற்கும் இந்தத் தீவுகளே ஆட்சேபம் சொல்லும். மொரேவியர் அத்தனை கருவிகளோடும் தோற்ற நிக்கோபாரில், நூறு வருஷத்துக்குப் பின் ஜெயித்தவர் நம் தமிழர் ஒருவர்: வேதப்பன் சாலமோன் என்ற உபதேசியார். 1890-களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் போய்க் குடியிருந்தார். சர்க்காருக்கு ஏஜண்டு, பையன்களுக்கு வாத்தியார், சபைக்கு உபதேசியார் ஆகிய மூன்று உத்தியோகமும் அவருக்கு. அந்தப் பாஷையைக் கற்றார். நாள் தவறாமல் அங்கே நடப்பவற்றைக் குறிப்பெழுதினார். அவற்றின் பகுதிகளை 1901-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு அறிக்கையில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அவை மதிக்கப்பட்டன. 1909-ல் அவர் காலமானபோது வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் தெரிந்திராது. ஆனால் அவரிடம் படித்த நிக்கோபாரிப் பையன்களில் ஒருவன் பர்மாவுக்குச் சென்று கற்றுத் திரும்பி, வேதாகமத்தைத் தன் தாய்மொழியில் பெயர்த்து, 1950-ல் பிஷப்பாகி, 1952-ல் முதல் லோக்சபையில் அந்தமான் நிக்கோபாருக்கு நியமன அங்கத்தினராகவும் அமர்ந்தான். ஜான் ரிச்சர்ட்சன் என்ற அவர் பெயரை இன்றும் இங்கே மரியாதையோடு சொல்கிறார்கள். கார் நிக்கோபார் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். சாலமோன் உபதேசியாரிடம் ஒலிபெருக்கி இல்லை. அவரிடம் இருந்தது ஊரைவிட்டுப் போகாத குணம்.

கீழ்த்தளத்துப் பாஸ்டருக்கு இந்தக் கதையை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. வயதில் மூத்தவன் உபதேசம் செய்தால் சிறியவன் 'சரி அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு அதை மறந்துவிடுவான். அந்த வழக்கத்தை எங்கள் சீமையில் நானே வெகுகாலம் கைக்கொண்டிருக்கிறேன். நடந்தது வேறு. மண்வெட்டி கைக்கு வந்ததும் அவர் தம் வாசல் சாக்கடையோடு நிற்க முடியவில்லை. சரிவான ஊரில் ஒருவன் தன் வாசலைச் சுத்தம் செய்தால் அந்தக் கசடு நேரே அடுத்த வாசலுக்கு இறங்கும். ஆகையால் அடுத்த வாசலையும், அதற்கடுத்ததையும் தோண்டிக்கொண்டே சந்தின் அடிவரை போகவேண்டி வந்தது. பிரசங்கத்தில் ஒரு ஆமென் கூடக் கிடைக்காத மனிதருக்கு அன்று எட்டு வீட்டில் டீ கிடைத்தது. வங்காளிப் பெரியவர் தம் தாவை எடுத்துக்கொண்டு வந்து கரையோரப் புதரை வெட்டிக் கொடுத்தார். சந்தின் கோடியில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம், தாங்களும் வேதக்காரர்தாம் என்றும், வந்த நாள் முதல் எந்த ஆலயத்துக்கும் போகாமல் சோம்பியிருந்ததாகவும் அப்போதுதான் அவரிடம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள். பிறகு அவர்களுடைய சம்பந்திமார் வந்தார்கள். இப்போது நாற்காலி பற்றவில்லை.

ஸ்டாண்டின் கதையையும் முடித்துவிடுகிறேன். தொட்டிகளையெல்லாம் பெரியவருடைய யோசனைப்படி வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டபின், நத்தை ஏற வழியில்லாமல் போயிற்று. ஸ்டாண்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பாஸ்டரிடமோ எல்லாச் சாமானும் இருந்தும் பிரசங்க பீடம் ஒன்று இல்லை. மியூசிக் ஸ்டாண்டில் வேதப்புத்தகம் நிற்காது. ஆகையால் எங்கள் இரும்புப் படி கீழே இறங்கி, வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு பீடமாயிற்று. மேற்படியில் வேதாகமம், நடுப்படியில் தண்ணீர்த் தம்ளர், கீழ்ப்படியில் காணிக்கைப் பை. சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அறையின் தரை எங்கள் ஊரைப் போலவே சற்றுச் சரிவானது. பாஸ்டர் உருக்கம் மிகுந்து பீடத்தை உள்ளங்கையால் தட்டும்போதெல்லாம் அது சபையை நோக்கி ஒரு சாண் முன்னேறும். அவரும் அதைத் தொடர்வார். முன்வரிசையினர் நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பார்கள். எங்கள் சீமையின் ஆலயங்களில் பீடம் கல்லால் கட்டியது. அது நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பிரசங்கத்தைக் குறித்தும் அப்படியே சொல்வோர் உண்டு. இங்கே, பிரசங்கம் எங்கே முடிகிறது என்பதைப் பீடம் எதிர்ச்சுவருக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்பதைக் கொண்டு கடைசி வரிசையில் இருப்பவர்களும் திட்டமாக அறிந்துகொள்ள முடிகிறது. இந்த வசதியைப் பழைய சபைகளும் யோசித்துப் பார்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

இளஞ்சிவப்புக் கரண்டியும் வாரியும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மணலில் விளையாட உபயோகப்படுகின்றன. பூவாளி மட்டும் வீட்டில் உண்டு. மண்வெட்டி சபையின் சொத்துப் பட்டியலில் ஏறிவிட்டது. அதன்மேல் முத்திரை வைக்க இடம் இல்லாததால் பிடியில் பெயின்டால் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் ஷாதிபூரில் இனிமேல் சபை தொடங்க உத்தேசித்துக் கப்பல் ஏறும் தம்பிமார்களை நான் கேட்டுக்கொள்வதெல்லாம் இதுதான்: மண்வெட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள், ஒலிபெருக்கி பின்னால் வேறு கப்பலில் வரட்டும். எங்கள் வீட்டில் இரவல் கொடுக்க வேறு மண்வெட்டி இல்லை.